தானாக மடியில் வந்து படுக்கிறது, தடவினால் கடிக்கிறது

சொக்கியின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சொக்கிக்கு இரண்டு வயது ஆகிறது. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்ட பெண் பூனை. கருத்தடை செய்தாகிவிட்டது, வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. சாப்பாடு, தூக்கம், மண் தட்டு எதிலும் குறை கிடையாது. பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்.

ராத்திரி வேலையெல்லாம் முடித்து நான் சோபாவில் உட்கார்ந்தால் போதும், எங்கே இருந்தாலும் வந்துவிடும். நானாகத் தூக்குவதில்லை. தானே ஏறி, மடியை மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டுச் சுருண்டு படுக்கும். தலையை என் உள்ளங்கைக்குள் கொண்டுவந்து முட்டும். தடவ ஆரம்பித்தால் குர்ர்ர் என்று சத்தம் வரும், கண் பாதி மூடிவிடும். நானும் டிவி பார்த்துக்கொண்டே தலையிலிருந்து வால் வரைக்கும் நீளமாகத் தடவிக் கொடுப்பேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போகும். அப்புறம் என்ன ஆகிறதோ, திடீரென்று திரும்பி ஒரு கடி. முன்னங்கால் இரண்டாலும் மணிக்கட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னங்காலால் உதைத்துப் பிறாண்டும். ஐயோ என்று கத்தினால் குதித்து இறங்கி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தன் தோளை நக்கிக்கொண்டிருக்கும். எதுவுமே நடக்காத மாதிரி!

கை முழுக்கக் கோடு. அலுவலகத்தில் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர், "எல்லாம் நீ கொடுக்கிற இடம்" என்கிறார். மூக்கில் லேசாக ஒரு தட்டு தட்டினால் அடங்கிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. ஆறு வயதில் பெண் இருக்கிறாள், அவளுக்கும் சொக்கியைக் கொஞ்ச ஆசை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிடிக்கவில்லை என்றால் வராமலே இருக்கலாமே? வந்து படுத்து, குர்ர்ர் என்று சத்தமும் போட்டுவிட்டு ஏன் கடிக்க வேண்டும்? கோபமா, விளையாட்டா, வேறு ஏதாவதா?


வரிப்புலி:

சகோதரி, பூனை என்றால் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மூடு சரியில்லை என்றால் கை வைத்த நொடியே பல் பதியும். தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் ஒன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால் முகத்தில் ஒரு பீய்ச்சு. சீக்கிரமே புரிந்துகொள்ளும்.


கூண்டுக்கதவு:

"திடீரென்று கடித்தது." நான் வேலை செய்யும் காப்பகத்துக்குப் பூனையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. சரி என்று வாங்கி வைத்துக்கொள்வேன். பூனை இடத்துக்குப் பழகியதும் பக்கத்தில் உட்கார்ந்து நானே தடவிப் பார்ப்பேன். ஒரே வித்தியாசம், என் கண் டிவியில் இருக்காது, அதன் வாலில் இருக்கும். சொல்லாமல் கடித்த பூனை மிக அரிது. அப்படி ஒன்று வந்தால் முதலில் டாக்டரிடம்தான் அனுப்புவோம். மற்றதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கடிக்கின்றன.

எப்படிச் சொல்லும் என்பதற்கு இப்போது எங்களிடம் இருக்கும் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்மஞ்சள் நிற ஆண் பூனை, கன்னம் இரண்டும் உப்பி, பார்த்தாலே கொஞ்சத் தோன்றும் முகம். கடிக்கிறான் என்றுதான் திரும்பி வந்தான். கூண்டைத் திறந்ததும் ஓடி வந்து காலில் உரசுவான், பெஞ்சில் ஏறித் தொடையை ஒட்டிப் படுப்பான். கன்னத்தில் தேய்த்துவிட்டால் முகத்தை இன்னும் உள்ளே தள்ளுவான். அதுவரை கொண்டாட்டம். கை முதுகுக்கு இறங்கி நாலைந்து முறை போய் வந்ததும் முதலில் குர்ர்ர் சத்தம் ஒரு கணம் தடைபடும். அடுத்து வாலின் நுனி மட்டும், வெறும் நுனி, இந்தப் பக்கம் ஒரு சுண்டு, அந்தப் பக்கம் ஒரு சுண்டு. இன்னும் தடவினால் கை போன பிறகு முதுகுத் தோல் ஒரு அலை மாதிரி சிலிர்த்து ஓடும். பூனைக்கு முதுகுத் தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று இருக்கிறது, ஈ உட்கார்ந்தால் உதறுவதற்கு. அந்தத் தசைதான் இப்போது உங்கள் கையை உதறப் பார்க்கிறது. அப்புறம் காது. முன்னால் பார்த்திருந்த காது மெல்லப் பக்கவாட்டில் திரும்பும். கண்ணின் கறுப்பு அகலும். உடம்பு இறுகும். முழு வாலும் பெஞ்சில் பட் பட் என்று அடிக்கும். கடைசியில் தலை திரும்பி உங்கள் கையைப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பிறகும் கை நகர்ந்தால் பல் வருகிறது.

இத்தனையும் சில விநாடிகளில் நடந்து முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நடக்கிறது. வாலின் நுனி சுண்டும்போதே கையை எடுத்துவிட்டால் அவன் யாரையும் கடிப்பதில்லை. அப்படியே படுத்திருப்பான், தூங்கிக்கூடப் போவான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிடிக்கவில்லை என்றால் ஏன் வருகிறது? வருவது பிடித்துத்தான். மடியின் சூடு வேண்டும், உங்கள் வாசனை வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். தலையைக் கையில் முட்டுவது, "இங்கே தேய்த்துவிடு" என்பதும் உண்டு, தன் வாசனையை உங்கள் மேல் பூசுவதும் உண்டு. தாடைக்குக் கீழே, உதட்டோரம், கன்னம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் முடி குறைந்த பகுதி, இங்கெல்லாம் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஆனால் இதில் எதுவும் தலை முதல் வால் வரை அரைமணி நேரம் தடவிக்கொண்டே இரு என்று அர்த்தமில்லை. நாம்தான் மடியில் படுத்தாலே தடவச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

பூனையும் பூனையும் பிரியம் காட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்றின் தலையையும் கழுத்தையும் இன்னொன்று நக்கும். கொஞ்ச நேரம்தான். நீளமாக முதுகு முழுக்க யாரும் யாரையும் நக்குவதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்திலும், நக்கிக்கொண்டிருந்ததே சட்டென்று மற்றதைக் கடிப்பதும் அடிப்பதும் சகஜம். சொந்த இனத்தோடே இந்தக் கதை என்றால் நம் கை எம்மாத்திரம்.

ஒரே மாதிரியான தொடுகை நீண்டுகொண்டே போனால் சுகம் கூச்சமாக மாறும், கூச்சம் எரிச்சலாக மாறும். அன்பான சித்தப்பா தோளில் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே பேசினால் நமக்கு எப்படி இருக்கும், அதுதான். இந்த அளவு பூனைக்குப் பூனை மாறும். பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பழகிய குட்டிகள் பெரிதானபின் தொடுவதை நன்றாகத் தாங்கும். அந்த வாரங்கள் மனித வாடையே இல்லாமல் போனவற்றுக்கு வரம்பு குறுகல். அதே பூனைக்கும் நாளுக்கு நாள் மாறும்: ஜன்னலுக்கு வெளியே வேறு பூனையைப் பார்த்துப் பதறிப்போய் இருக்கிற நேரத்தில் தொட்டால், அந்தக் கோபம் உங்கள் கையில்தான் இறங்கும். காற்று வறண்ட நாட்களில் தடவத் தடவ ரோமத்தில் நிலைமின்சாரம் ஏறிச் சுருக்கென்று அடிப்பதும் உண்டு. அந்தச் சுருக்கை உங்கள் விரல் உணரும்போது அதன் தோலும் உணர்கிறது.

குர்ர்ர் சத்தத்தை நம்பி உட்காராதீர்கள். சுகத்தில் போடும், உண்மை. வலியில் இருக்கும் பூனையும் போடும், பிரசவ நேரத்திலும் போடும். டாக்டரின் மேஜையில் நடுங்கிக்கொண்டே குர்ர்ர் போடும் பூனைகளை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இடம் முக்கியம். 2015-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் பூனையின் உடம்பில் ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்து ஆராய்ந்தார்கள். வாலின் அடிப்பகுதியைத் தொட்டபோதுதான் எதிர்ப்பு அதிகம். நீங்கள் ஒவ்வொரு தடவையும் போய் முடிக்கிற இடம் அதுதான்! சில பூனைகள் அங்கே சொறிந்தால் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், பார்த்தால் பிடித்த மாதிரி இருக்கும். அதே பூனை அடுத்த நொடி திரும்பும். அங்கே இன்பமும் எரிச்சலும் ரொம்பப் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன.

நான் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது: விரலை மடக்கி மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் நீட்டுங்கள், அவ்வளவுதான், தலைக்கு மேலாகக் கையைக் கொண்டு போகாதீர்கள். அது முகர்ந்து கன்னத்தைத் தேய்த்தால் அனுமதி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் இல்லை. அனுமதி கிடைத்தால் கன்னம், தாடை, காதடி, இந்த எல்லைக்குள் இருங்கள். மூன்று நான்கு தடவலுக்குப் பிறகு கையை எடுத்துப் பக்கத்தில் சும்மா வையுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே தலையைக் கொண்டுவந்து முட்டும், மூக்கால் கையை நெம்பும். முட்டாவிட்டால் போதும் என்று பொருள். படுத்திருக்கட்டும், நீங்கள் டிவி பாருங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. லண்டன் பாட்டர்சி காப்பகத்துப் பூனைகளை வைத்து நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் 2021-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பூனையே தேர்ந்தெடுக்கட்டும், உடம்பைக் கவனி, முகத்தைச் சுற்றி மட்டும் தொடு என்று மனிதர்களுக்குச் சில நிமிடம் சொல்லிக் கொடுத்ததிலேயே கடியும் பிறாண்டலும் குறைந்தன, பூனைகள் அதிகம் ஒட்டின. பூனைக்கு ஒரு பயிற்சியும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வரிப்புலி நண்பரே, தண்ணீர் பாட்டில் வேண்டாம். அது கடிக்கிற நேரத்தில் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறது. அதன் மேல் தண்ணீர் அடித்தால், இந்த மனிதரின் கை பக்கத்தில் வந்தால் முகத்தில் எதுவோ அடிக்கும் என்றுதான் கற்றுக்கொள்ளும். மூக்கில் தட்டுவதும் அப்படியே. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. மிரட்டி மிரட்டி வால் ஆட்டுவதையும் காதைத் திருப்புவதையும் நிறுத்திவிட்ட பூனைகள் எங்களிடம் வருகின்றன. எச்சரிக்கை இல்லாமல் நேரடியாகக் கடிப்பவை அவைதான், இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதற்கு மிகவும் கஷ்டப்படுபவையும் அவைதான்.


சொக்கியின் அம்மா:

அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. நேற்று டிவியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வால் நுனி! கன்னத்தில் தடவும்போது வால் அசையவே இல்லை. முதுகில் கை போனதும் சுண்ட ஆரம்பித்தது. உடனே கையை எடுத்தேன். சொக்கி தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தது, அப்புறம் தாடையை என் முழங்கையில் வைத்துத் தூங்கிவிட்டது.

இன்னும் ஒரு சந்தேகம். சில சமயம் தரையில் மல்லாந்து புரண்டு வயிற்றைக் காட்டும். தடவச் சொல்வது போலவே இருக்கும். கை வைத்தால் நாலு காலாலும் பிடித்துக்கொள்ளும். என் பெண் அதைப் பார்த்துத்தான் அதிகம் ஏமாறுகிறாள்.


பழுப்புக்கண்:

அந்த வயிறு ஒரு பொறி, எல்லோரும் விழுந்திருக்கிறோம்!

நான் எழுத வந்தது வேறு. உங்கள் பூனைக்கு இரண்டு வயது என்பதால் இது பொருந்தாமல் போகலாம், ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். எங்கள் பெரியவர் வருஷக்கணக்கில் எங்கே தொட்டாலும் சும்மா இருந்தவர். பதிமூன்று வயதில் இடுப்புப் பக்கம் கை போனால் சீற ஆரம்பித்தார். வயசாச்சு, எரிச்சல் வருகிறது என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் அலமாரி மேல் ஒரே தாவாக ஏறுகிறவர் நாற்காலியில் ஏறி, நின்று, யோசித்து, அப்புறம் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகின் பின்பாதியில் ரோமம் திட்டுத் திட்டாகச் சடைபோட்டிருந்தது, அங்கே வளைந்து நக்க முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்: இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன.

பிறகு அவரே சொன்னார், 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்த ஓர் ஆய்வில் (2002-இல் வந்தது) 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாம். நொண்டாது, கத்தாது, அதனால் நமக்குத் தெரிவதில்லை. மருந்து ஆரம்பித்த பிறகு பழையபடி தொட விடுகிறார். இடுப்பை மட்டும் நாங்கள் தொடுவதில்லை.

தொடவிட்ட பூனை தொடவிடாமல் போனால் குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல்வலி என்றால் கன்னத்தைத் தொடும்போது கடிக்கும். காதில் சீழ் இருந்தால் காதடி. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்றால் வாலடி, அங்கே தோல் புண்ணாகியிருக்கும். தானாகவே முதுகுத் தோல் துடித்து, தன் வாலைத் தானே துரத்திக் கடிக்கிறது என்றால் அது வேறு வகை நோயாக இருக்கலாம், டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வலி என்று தெரிந்ததும் நம் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறக்காதீர்கள். மனிதர்கள் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். உயிரே போய்விடும்.


கூண்டுக்கதவு:

பழுப்புக்கண் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் படிவத்தில் "எப்போதிலிருந்து கடிக்கிறது" என்று ஒரு கேள்வி இருக்கிறது. "முதலிலிருந்தே" என்றால் ஒரு வழி, "சமீபமாக" என்றால் நேராக டாக்டர். சொக்கி குட்டியிலிருந்தே இப்படியா? ஆமாம் என்றாலும் அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது வாயையும் காதையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள், கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

வயிற்றுக்கு வருவோம். உங்கள் முன்னால் மல்லாந்து படுப்பது, "உன்னிடம் எனக்குப் பயமில்லை" என்கிற நிலை. தொடு என்ற அழைப்பு அதில் இல்லை. பூனையின் உடம்பில் எலும்பு மறைப்பு இல்லாத இடம் வயிறு. சண்டையில் பூனை மல்லாருவது தோற்பதற்காக அல்ல, நாலு காலையும் வாயையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்கு. முன்னங்காலால் கட்டிப் பிடித்துப் பின்னங்காலால் உதைப்பது இரையைக் கையாளும் முறையும்கூட. அதனால் வயிற்றில் கை பட்டதும் பழைய வேலை தானாக ஓட ஆரம்பிக்கிறது. வயிற்றைத் தடவவிடும் பூனைகள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. உங்களுடையது அந்த ரகம் இல்லை.

கை மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க, தப்பி ஓடும் இரை என்று இன்னும் இறுக்கும், கீறலும் நீளும். பல்லைக் கடித்துக்கொண்டு (உங்கள் பல்லை) கையை அசைக்காமல் தளர விடுங்கள். பேசாதீர்கள், பார்க்காதீர்கள். பிடி தளர்ந்ததும் மெதுவாக எடுங்கள். அப்புறம் அது தோளை நக்குகிறது என்றீர்களே, திமிர் இல்லை அது. பதற்றத்தைத் தணித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சமாதானம் செய்யப் போகாதீர்கள்.

ஒரு கேள்வி: குட்டியாக இருந்தபோது வீட்டில் யாராவது விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினார்களா? போர்வைக்கு அடியில் கால் விரலை அசைத்து? அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருந்தால், இவ்வளவு கடித்தால் எதிராளி கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரித்தெடுத்தால் அந்தப் பாடம் பாதியில் நிற்கும். ஃபின்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளை வைத்து ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றில் மூர்க்கம் கூடுதலாகத் தெரிந்தது.


சொக்கியின் அம்மா:

குட்டியிலிருந்தே இப்படித்தான் அக்கா. இத்தனை பெரிய பல் அப்போது இல்லை, அவ்வளவுதான். விரல் ஆட்டிய ஆள் யார் என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும். இடம் கொடுக்கிறாய் என்று என்னைச் சொன்னாரே, அவரேதான். இன்றைக்கும் போர்வைக்குள் காலை ஆட்டிக் காட்டிவிட்டு, கடித்தால் சிரிக்கிறார். ஒரு மாதத்திலேயே எங்கள் கைக்கு வந்துவிட்டது, தாய்ப் பூனை இல்லை.


கூண்டுக்கதவு:

அப்படியானால் சொக்கிக்கு இரண்டு கணக்கு சேர்ந்து ஓடுகிறது. மடியில் கடிப்பது ஒன்று, அது போதும் என்ற பேச்சு. கையைக் கட்டிப்பிடித்து உதைப்பது இன்னொன்று, கை என்பது விளையாட்டுச் சாமான் என்று குட்டியில் ஏறிப்போன பாடம். உங்கள் வீட்டுக்காரரின் காலை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். சிரிக்காமல் சொல்கிறேன், ஒருவர் விளையாடக் கூடாது என்பார், இன்னொருவர் விளையாடுவார் என்றால் பூனைக்கு என்ன விளங்கும்?

அதன் வேட்டைக்கு வேறு வழி கொடுங்கள். நீளக் குச்சியில் கயிறு கட்டி, நுனியில் இறகோ துணியோ வைத்து, தரையோடு இழுத்து, சோபாவுக்குப் பின்னால் மறைத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டினால் அலுத்துப் போகும், எந்த எலியும் பூனையின் மூக்கைத் தேடி வராது. அவ்வப்போது பிடிக்கவும் விட வேண்டும். உதைத்துப் பிறாண்ட ஆசைப்பட்டால் அதன் நீளத்துக்கு ஒரு துணிப் பொம்மையைத் திணித்துக் கொடுங்கள், கட்டிப்பிடித்துக்கொள்ளும். முடிந்ததும் தீனி. வேட்டை, சாப்பாடு, நக்கல், தூக்கம் என்ற வரிசை அதற்குப் பிறவியிலேயே வந்தது. ராத்திரி மடிக்கு வருவதற்கு முன்னால் இதை முடித்துவிட்டால் வருகிற பூனையே வேறாக இருக்கும். குச்சியையும் கயிற்றையும் கட்டாயம் அலமாரியில் பூட்டிவிடுங்கள். நூலை விழுங்கினால் குடலில் போய்ச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளும், அறுவைச் சிகிச்சை வரை போய்விடும்.

பெண்ணுக்கு: ஆறு வயதுக் குழந்தைக்கு வால் நுனியைப் பார்க்கக் கற்றுக் கொடுக்கலாம், பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் காப்பகத்துக்கு வரும் பிள்ளைகளிடம், "ஒரு விரல், கன்னம் மட்டும், பூனை வந்தால் மட்டும்" என்போம். துரத்தக் கூடாது, தூக்கக் கூடாது, தூங்கும்போது தொடக் கூடாது. ஆனால் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள். அவள் முகத்தை அதன் முகத்தோடு ஒட்டி வைப்பதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள்.


வெள்ளையங்கி:

பூனையைப் பற்றிப் பேச வேண்டியதை எல்லோரும் பேசிவிட்டீர்கள். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன்.

கீறலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கடியைச் சின்னதாக நினைக்கிறார்கள். நாய்க்கடி பார்க்கக் கோரமாக இருக்கும். பூனையின் பல் ஊசி மாதிரி, மேலே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே மூட்டு வரை, தசைநாண் உறை வரை இறங்கியிருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா பெரும்பாலான பூனைகளின் வாயில் சாதாரணமாக இருப்பது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், கையில் பூனை கடித்து வந்த 193 பேரின் விவரங்களை வைத்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் 57 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. விரல் மூட்டும் மணிக்கட்டும்தான் அதிக ஆபத்து, நீங்கள் கடி வாங்கும் அதே இடம்.

கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பாருங்கள். பல் பதிந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா, டெட்டனஸ் ஊசி வேண்டுமா, ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வீட்டுப் பூனைதானே, தடுப்பூசி போட்டதுதானே என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பூனையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போனால் அவருக்கு வேலை சுலபம். சிவந்து, வீங்கி, சூடாகி, விரலை மடக்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கீறிய ஒன்றிரண்டு வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டிக் காய்ச்சல் வந்தாலும் பூனை கீறியதைச் சொல்லுங்கள். பார்ட்டொனெல்லா என்ற கிருமி தெள்ளுப்பூச்சியின் கழிவு வழியாகப் பூனையின் நகத்துக்கு வருகிறது, குழந்தைகளுக்கு அதிகம். தெள்ளுப்பூச்சி மருந்தைத் தவறாமல் போடுங்கள்.


வரிப்புலி:

சரி, பாட்டிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஆளுக்குக் கை வைத்த நொடியே கோபம் வருகிறது, வால் நுனிக்கெல்லாம் நேரமே தருவதில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?


கூண்டுக்கதவு:

கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? மேலிருந்து தலைக்கு வந்தால் பல பூனைகளுக்குப் பிடிக்காது. முகத்துக்குக் கீழே, மூக்குக்கு எட்டும் தூரத்தில் கையை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், பிடித்த தீனியை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போங்கள். எத்தனை வயது அவருக்கு? டாக்டர் கடைசியாகத் தொட்டுப் பார்த்தது எப்போது?


வரிப்புலி:

பத்து இருக்கும். தெருவிலிருந்து வந்தவர், சரியாகத் தெரியாது. டாக்டரிடம் போய் ரொம்ப நாள் ஆகிறது. கொஞ்ச நாளாக வாயில் நாற்றம் வேறு.


பழுப்புக்கண்:

வாய் நாற்றம் என்றால் பல்லைக் காட்டாமல் விடாதீர்கள். ஈறு வீங்கியிருந்தாலோ பல் அரித்துப் போயிருந்தாலோ முகத்துப் பக்கம் கை வருவதே அவருக்கு வலி. தீனியை ஒரு பக்கமாகவே மெல்லுகிறாரா, வாயிலிருந்து கீழே போடுகிறாரா என்று இன்று சாப்பிடும்போது பாருங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார். அழைத்துப் போகும்போது கையில் தூக்காமல் கூடையில் வைத்துக் கொண்டு போங்கள்.